இறக்கை ஏன் முறிந்தது? வீட்டில் கட்டிய விமானத்தின் விபத்தை ஆராய ஒரு முழு வழிகாட்டி

எஞ்சின் நின்றுபோனால் விமானம் சறுக்கி இறங்கும். ரேடியோ செத்தாலும் தரை இறங்கலாம். இறக்கை முறிந்தால் மட்டும் உள்ளே இருப்பவருக்கு அநேகமாக எந்த வழியும் இல்லை. அதனால்தான் இந்த வகை விபத்தை ஆராய்பவரின் பொறுப்பு பெரிது. அதே வரைபடத்தை வைத்து, அதே கிட்டை (பாகங்கள் அடங்கிய தொகுப்பை) வாங்கி, உலகின் வேறு மூலைகளில் இன்னும் பலர் பறந்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்கு நாளைக்கே பதில் வேண்டும், ஆனால் சரியான பதில் வேண்டும்.

சிங்கப்பூரின் வானம் சிறியது. கொட்டகையில் கட்டிய விமானத்தை இங்கே பார்ப்பது அரிது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அது சாதாரணம். ஆனால் சிலேத்தாரிலும் லோயாங்கிலும் சாங்கியிலும் கட்டமைப்புப் பழுதுபார்ப்பு, என்டிடி (பாகத்தைச் சேதப்படுத்தாத) சோதனை வேலைகளில் நம்மவர்கள் இருக்கிறார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் வானூர்திப் பொறியியல் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெரிய விமானத்தில் மறைந்து நடக்கும் பல விஷயங்கள் சிறிய விமானத்தில் கண்ணுக்கு நேராகத் தெரியும். முறிந்த உலோகத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் சட்டம். விபத்து எந்த நாட்டில் நடந்ததோ அந்த நாட்டு விசாரணை அமைப்புதான் பொறுப்பு. அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆம் இணைப்பு அப்படிச் சொல்கிறது. சிங்கப்பூரில் அது போக்குவரத்து அமைச்சின் கீழ் உள்ள போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணைப் பிரிவு. அதற்கென 2018ஆம் ஆண்டின் தனிச் சட்டமே இருக்கிறது. அந்த விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது. யார்மேல் குற்றம் என்று தீர்மானிப்பது அதன் வேலை இல்லை. அதிகாரம் இல்லாதவர் சிதைவைத் தொடக்கூடாது. இந்த வழிகாட்டி, விசாரணைக் குழுவுக்கு உதவப் போகிறவருக்கும், அறிக்கையைப் புரிந்து படிக்க விரும்புகிறவருக்கும், தானே விமானம் கட்ட நினைப்பவருக்கும்.

இனி முழு விசாரணையும் சுற்றிவரும் கேள்வி. இறக்கைமேல் வந்த சுமை அளவுக்கு மீறியதா? அல்லது சுமை சாதாரணமாக இருந்து, இறக்கை இருக்க வேண்டிய வலிமையில் இல்லையா? முறிந்த இடத்தைப் பார்த்து “சுமை தாங்காமல் ஒடிந்தது” என்று எழுதினால் ஒன்றுமே சொல்லவில்லை என்று பொருள். ஒடிந்த எல்லாமே சுமை தாங்காமல்தான் ஒடிந்தது.

படி 1: இடத்தில், எதையும் தொடுவதற்கு முன்

உங்கள் உயிர் முதலில். இந்த விமானங்கள் சிலவற்றில் விமானம் முழுவதையும் தாங்கி இறக்கும் பாராசூட் இருக்கும். அதை வெளியே தள்ளுவது ஒரு சின்ன ராக்கெட். வெடிக்காமல் சிதைவுக்குள் கிடக்கும் அந்த ராக்கெட்டின் கேபிளை யாராவது இழுத்துவிட்டால் இன்னொரு உயிர் போகும். அதைத் தெரிந்தவர் வந்து செயலிழக்கச் செய்யும்வரை அருகே போகாதீர்கள். அப்புறம் முகக்கவசம், தடித்த கையுறை. உடைந்த கார்பன் இழை தோலிலும் நுரையீரலிலும் ஏறும். இரத்தம் பட்ட பாகங்களும் இருக்கும்.

பிறகு எண்ணுங்கள். மூக்கு, வால், இரண்டு இறக்கை நுனிகள், ஒவ்வொரு எய்லரான் (இறக்கையின் பின்ஓரத்தில் அசையும் தகடு), எலிவேட்டர், ரடர் (வாலில் அசையும் தகடுகள்). எல்லாம் ஒரே குழியில் கிடந்தால் விமானம் முழுதாகத் தரையில் மோதியிருக்கிறது. இறக்கை முறிந்தது மோதலின் விளைவு. ஏதாவது ஒன்று குறைந்தால், பறந்து வந்த பாதையில் பின்னோக்கி நடக்க வேண்டும். கிடைக்கும் ஒவ்வொரு துண்டின் இடத்தையும் ஜிபிஎஸ்ஸில் குறித்து, எடுக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். கனமான துண்டு வேகத்தோடு முன்னே போய் விழும். மெல்லிய தகடு காற்று அடிக்கும் பக்கம் மிதந்து போகும். ஆகவே பாதையில் முதலில் கிடப்பதுதான் முதலில் கழன்றது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடாது. ஒவ்வொரு துண்டின் எடையையும் பரப்பையும் அன்றைய காற்றையும் வைத்து, அது எந்த உயரத்தில் பிரிந்திருக்கும் என்று கணக்கிட வேண்டும்.

இந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதைச் சிங்கப்பூர் அறியும். 1997 டிசம்பர் 19 அன்று ஜகார்த்தாவிலிருந்து இங்கு வந்துகொண்டிருந்த சில்க்ஏர் 185 பலெம்பாங் அருகே மூசி ஆற்றில் விழுந்து 104 பேர் இறந்தார்கள். வால் பகுதியின் சில பாகங்கள் ஆற்றில் இல்லை, தள்ளித் தரையில் கிடந்தன. வால் முதலில் பிய்ந்ததால் விமானம் விழுந்ததா, விழும் வேகத்தில் வால் பிய்ந்ததா என்ற கேள்வி எழுந்தது. துண்டுகள் விழுந்த பாதையைக் கணக்கிட்டபோது, விமானம் ஏற்கெனவே மிக வேகமாக இறங்கிக்கொண்டிருந்தபோது 12,000 அடிக்குக் கீழேதான் அவை பிரிந்தன என்று தெரிந்தது. எது முதல், எது பின் என்ற வரிசை மட்டும் தவறினால் மொத்த விசாரணையும் தவறும்.

முறிந்த முகங்களை எப்படிப் பாதுகாப்பது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தவறு நடப்பது இந்த முதல் மணி நேரங்களில்தான். இரண்டு முறிந்த துண்டுகளை “பொருந்துகிறதா பார்ப்போம்” என்று ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவே கூடாது. நுண்ணோக்கியில் தெரிய வேண்டிய அடையாளங்கள் அந்த ஒரு உரசலில் அழிந்துவிடும். பிரஷ் போடக்கூடாது, விரலால் தடவக்கூடாது. நம் ஊர் ஈரப்பதத்தில் வெறும் எஃகின் முறிவு முகம் விரைவிலேயே துரு ஏறிவிடும். உலர வைத்து, சிலிக்கா ஜெல்லோடு பையில் மூடுங்கள். கடலில் எடுத்ததாக இருந்தால் நல்ல தண்ணீரில் மெதுவாக உப்பை அலசி, உலர்த்தி, அப்புறம் மூடுங்கள்.

படி 2: கடைசி நிமிடங்களின் பதிவு

சின்ன விமானத்தில் கறுப்புப் பெட்டி இருக்காது என்றாலும் தகவல் நிறைய இருக்கும். டிஜிட்டல் கருவித் திரைகள், எஞ்சின் மானிட்டர், ஜிபிஎஸ், விமானியின் கைத்தொலைபேசி, டேப்லெட், தரையில் பதிவான ஏடிஎஸ்-பி (விமானம் தன் இடத்தையும் வேகத்தையும் தானே அனுப்பும் சமிக்ஞை), ரேடார், பக்கத்து வீட்டுக் கேமரா. ஒலி மட்டும் பதிவாகியிருந்தாலும் புரொப்பெல்லரின் சுழற்சி வேகத்தை அதிலிருந்து எடுக்கலாம்.

நேரில் பார்த்தவர்களிடம் பேசும்போது முதலில் அவர்களே சொல்லட்டும். “இறக்கை மடிந்ததைப் பார்த்தீர்களா?” என்று கேட்டுவிட்டால் அதற்குப் பிறகு எல்லாரும் பார்த்திருப்பார்கள். சத்தம் கேட்ட நேரத்தையும் பார்த்த நேரத்தையும் தனித்தனியே எழுதுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 விநாடி ஆகும்.

படி 3: கொட்டகையில் விமானத்தை மறுபடி அடுக்குதல்

தரையில் டேப்பால் விமானத்தின் உருவத்தை முழு அளவில் ஒட்டி, ஒவ்வொரு துண்டையும் அதன் இடத்தில் வையுங்கள். இப்போது இறக்கை எந்தப் பக்கம் வளைந்து முறிந்தது என்று பார்க்கலாம். இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரில் மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. மேல் பட்டை நசுங்கிப் புடைத்து, கீழ்ப் பட்டை இழுபட்டு அறுந்திருந்தால் இறக்கை மேல்நோக்கி மடிந்திருக்கிறது. தலைகீழாக இருந்தால் கீழ்நோக்கி. தகட்டில் 45 டிகிரிச் சாய்வில் சுருக்கங்கள் ஓடினால் இறக்கை முறுக்கப்பட்டிருக்கிறது.

இரண்டு இறக்கைகளும் ஒரே இடத்தில், ஒரே திசையில் மேலே மடிந்திருந்தால் சுமை மீறல் பக்கம் சந்தேகம் போகும். ஒன்று மட்டும் போயிருந்தால் அந்த இறக்கையில் ஏதோ குறை இருந்திருக்கலாம். இது சந்தேகம் மட்டும்தான், முடிவு இல்லை.

காலியான போல்ட் துளைகளைத் தவறாமல் பாருங்கள். போல்ட் இருந்து அறுந்திருந்தால் துளையின் ஓரம் நீண்டிருக்கும், உள்ளே போல்ட்டின் திருகு வரிகளின் தடம் பதிந்திருக்கும். துளை வட்டமாக, சுத்தமாக இருந்தால் முறியும்போது அதில் போல்ட்டே இருக்கவில்லை. ஒரு சுத்தமான துளை பல பக்கக் கணக்கைவிட அதிகம் சொல்லும்.

ரிவெட்டை (தகடுகளை இணைக்கும் ஆணியை)ச் சுற்றிக் கறுப்புப் பொடி படிந்திருந்தால் அது நெடுநாளாக ஆடிக்கொண்டிருந்தது. பெரிய விமானத்தில் வேலை செய்கிற நமக்கு அது பழகிய அடையாளம். இங்கேயும் அதே பொருள்தான்.

படி 4: முறிந்த முகத்தைப் படித்தல்

என் மனம் அதிகம் தங்குவது இங்கேதான். கண், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், பக்கவாட்டில் இருந்து வீசும் ஒரு டார்ச் விளக்கு. இவற்றோடு தொடங்குங்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கி அப்புறம்.

அலுமினியம் ஒரே இழுப்பில் அறுந்தால் முகம் மங்கலான சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும், ஓரம் 45 டிகிரியில் சரிந்திருக்கும். சோர்வு விரிசல், அதாவது சுமை திரும்பத் திரும்ப வந்து மெல்ல வளரும் விரிசல், வேறு மாதிரி. ஒரு புள்ளியிலிருந்து தொடங்கி, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள்போல வளைவு வளைவாக விரியும். பீச் மார்க் என்று நாம் சொல்வது அதைத்தான். அந்தக் கோடுகள் எங்கே குவிகிறதோ அங்கேதான் தொடக்கம். அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள்: துளை போட்டபின் சீவாமல் விட்ட பிசிறு, ஒரு கீறல், அரிப்புக் குழி, ஒன்றோடொன்று கலந்துபோன இரட்டைத் துளை. சோர்வு எவ்வளவு பரப்பைத் தின்றிருக்கிறது என்றும் அளவிட வேண்டும். கீழ்ப் பட்டையின் பெரும்பகுதியைச் சோர்வு தின்றிருந்தால் சாதாரணமான ஒரு திருப்பமே மீதியை முடித்திருக்கும். நுனியில் சின்னதாக இருந்தால் அது உண்மையிலேயே காரணமா என்று கணக்கிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

தொழிற்சாலையில் செய்த விமானங்களுக்கும் இதுவே நடந்திருக்கிறது. 2005 டிசம்பரில் மயாமியில் ஒரு கிரம்மன் மல்லார்ட் கடல் விமானத்தின் வலது இறக்கை சோர்வு விரிசலால் கழன்று 20 பேர் இறந்தார்கள். 2018 ஏப்ரலில் ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் பயிற்சியில் இருந்த ஒரு பைப்பர் பிஏ-28ஆர் விமானத்தின் இடது இறக்கை, ஸ்பாரின் கீழ்ப் பட்டையில் போல்ட் துளையிலிருந்து வளர்ந்த விரிசலால் போனது. வெளியே இருந்து பார்த்தால் தெரியாத இடம் அது.

குரோமோலி 4130 எஃகுக் குழாயில் கட்டியதாக இருந்தால் வெல்டிங் ஓரத்தையும் குழாயின் உட்புறத் துருவையும் பாருங்கள். போல்ட்டின் தலையில் உள்ள குறியையும் பாருங்கள். விமான போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் வன்பொருள் கடை போல்ட் இருந்தால் கடினத்தன்மைச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். பொருளின் தரம், வெப்பப் பதம், தகட்டின் தடிமன் எல்லாவற்றையும் ஆய்வுக்கூடத்தில் அளந்து வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும்.

கண்ணாடி இழை, கார்பன் இழை விமானத்தில் ஒட்டிய இடம்தான் முதல் சந்தேகம். பிரிந்த முகத்தில் இழைகள் பிய்ந்து ஒட்டியிருந்தால் பசை தன் வேலையைச் செய்திருக்கிறது. வழவழவென்று பளபளத்தால் பசை பிடிக்கவே இல்லை. மேற்பரப்பைச் சுரண்டித் தயார் செய்யாமல் ஒட்டியிருப்பார்கள், அல்லது எபாக்சிப் பிசினின் கலவை விகிதம் தவறியிருக்கும். ஒரு துண்டை உலையில் வைத்துப் பிசினை எரித்துவிட்டு, மிஞ்சிய இழை அடுக்குகளை எண்ணினால் வரைபடம் சொன்ன எண்ணிக்கை இருந்ததா என்று தெரியும் (கண்ணாடி இழைக்கு இது எளிது). எபாக்சி எந்த வெப்பத்தில் இளகத் தொடங்குகிறது என்றும் சோதியுங்கள். இந்த விமானங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளை வண்ணம் அடிப்பது அழகுக்கு இல்லை. வெயிலில் நிற்கும் கருநிற இறக்கையின் சூடு, சரியாக இறுகாத எபாக்சியை இளக்கிவிடும்.

மர விமானத்திலும் அதே பாடம். பசை முகத்தில் மர நார் இருந்தால் நல்லது, வெறும் பசை தெரிந்தால் கெட்டது. நல்ல ஸ்ப்ரூஸ் மரம் நீளநீளச் சிம்புகளாகப் பிளந்து முறியும். உளுத்த மரம் குட்டையாக, தட்டையாக ஒடியும். 1931 மார்ச் 31 அன்று கான்சாஸில் ஃபோக்கர் எஃப்-10 பயணி விமானத்தின் மர இறக்கை முறிந்து 8 பேர் இறந்தபோது, ஈரம் புகுந்து பசை விட்டதுதான் பேசப்பட்டது. உலோக விமானங்கள் பக்கம் அமெரிக்கா வேகமாகத் திரும்பியதில் அந்த விபத்துக்குப் பங்கு உண்டு. 1944இல் இந்தியாவில் மஸ்கீட்டோ போர் விமானங்களின் மர இறக்கைகள் முறிந்தபோதும் பசையும் வெப்பமும் ஈரமும்தான் விசாரணையின் நடுவில் நின்றன. நம் தட்பவெப்பத்தில் மர விமானத்தை வைத்திருப்பவர் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

படி 5: கட்டியவரின் கொட்டகை

தொழிற்சாலை விமானத்தில் ஒன்றைப் பார்த்தால் மற்றதும் அப்படியே இருக்கும். வீட்டில் கட்டியதில் ஒவ்வொன்றும் தனி. அதனால் விசாரணை அந்த வீட்டுக்குப் போயே ஆக வேண்டும். கட்டியவர் இறந்திருக்கலாம். கதவைத் திறந்துவிடுவது அவருடைய மனைவியாகவோ மகனாகவோ இருக்கலாம். வருடக்கணக்கில் அந்த மனிதர் அங்கே நின்றிருக்கிறார். அவசரப்படாதீர்கள், அவர்கள் முன்னால் “இது சரியில்லை” என்று ஒரு வார்த்தையும் பேசாதீர்கள்.

தேட வேண்டியவை: கட்டுமானக் குறிப்பேடு, கட்டும்போது எடுத்த படங்கள், பாகங்கள் வாங்கிய ரசீதுகள், கிட்டின் வரிசை எண், மிச்சமான தகடு, மிச்சமான எபாக்சி டின்னும் அதன் தேதியும். மிச்சப் பொருளில் மாதிரித் துண்டு செய்து சோதித்தால் இறக்கையில் போனது எந்தத் தரம் என்று தெரியும். ரிவெட்டின் அடித்த தலை, தண்டின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருக்க வேண்டும். மற்ற இறக்கையில் முறியாமல் இருக்கும் ரிவெட்டுகளை அளந்தால் அவருடைய கைப்பழக்கம் புரியும்.

வரைபடத்திலிருந்து எங்கே விலகினார் என்று பாருங்கள். பெரிய எஞ்சின், கூடுதல் எரிபொருள் தொட்டி, ஏறிப்போன எடை. தவறு கட்டியவருடையது என்று மட்டும் நினைக்கவும் கூடாது. 2023இல் வேன்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கிட்டுகளில் லேசரில் வெட்டிய துளைகள், டிம்பிள் செய்தபோது (ரிவெட்டின் தலை அமர ஓரத்தைக் குழித்தபோது) விரிசல் விட்டன. கவனமாகக் கட்டியவர்கள் கையிலும் அந்தப் பாகங்கள்தான் இருந்தன.

பராமரிப்புப் பதிவில் “சோதித்தோம், சரி” என்று எழுதியிருந்தால் எந்த முறையில் சோதித்தார்கள் என்று கேளுங்கள். 2013 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் தீயணைப்புப் பணியில் இருந்த எம்18 டிரொமேடர் விமானத்தின் இடது இறக்கை, இணைப்புப் பகுதியில் வளர்ந்த சோர்வு விரிசலால் கழன்றது. தயாரிப்பாளர் கேட்டது மேக்னெடிக் பார்ட்டிகிள் (காந்தப் பொடியால் விரிசலைக் காட்டும்) சோதனை. செய்யப்பட்டது எடி கரண்ட் (சுழல் மின்னோட்டத்தால் விரிசலைத் தேடும்) சோதனை. என்டிடி வேலையில் இருப்பவர்கள் அந்த அறிக்கையை முழுதாகப் படிக்க வேண்டும் என்பேன்.

படி 6: கணக்கு

சான்றளிக்கப்பட்ட சாதாரணப் பிரிவுச் சிறு விமானத்துக்கு வழக்கமான எல்லைச் சுமை 3.8 ஜி (ஒரு ஜி என்பது விமானத்தின் எடைக்குச் சமமான சுமை). அதற்கு மேல் ஒன்றரை மடங்கு பாதுகாப்பு, ஆக 5.7 ஜி வரை முறியக்கூடாது. வித்தை காட்டும் பிரிவுக்கு 6 ஜி, இறுதியாக 9. கட்டிய விமானத்துக்கு வடிவமைப்பாளர் என்ன எண் கொடுத்தார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இறக்கை தரக்கூடிய அதிகபட்சத் தூக்குவிசை, வேகத்தின் இருமடியாக ஏறும். நேராகப் பறக்கையில் 45 நாட் (மணிக்கு 45 கடல் மைல்) வேகத்தில் ஸ்டால் ஆகும் (தாங்கும் தூக்குவிசையை இழக்கும்) விமானத்தை எடுத்துக்கொள்வோம். 90 நாட்டில் அதன் இறக்கை 4 ஜி வரைதான் தர முடியும். அதற்கு மேல் இழுத்தால் முறிவதற்கு முன்பே ஸ்டால் ஆகிவிடும். 135 நாட்டில் 9 ஜி. இறுதி வலிமை 5.7 ஜி என்றால் எல்லைக்கோடு ஏறத்தாழ 107 நாட். பதிவுகளின்படி விமானம் 85 நாட்டில் போய்க்கொண்டிருந்தபோது இறக்கை மேல்நோக்கி மடிந்திருந்தால், விமானி எவ்வளவு இழுத்தாலும் காற்று எவ்வளவு அடித்தாலும் ஆரோக்கியமான இறக்கை முறிந்திருக்காது. பலவீனம் ஏற்கெனவே உள்ளே இருந்திருக்கிறது. 150 நாட் என்றால் கதை வேறு.

கவனிக்க வேண்டியவை உண்டு. ரேடார் தருவது தரை வேகம். காற்றையும் உயரத்தையும் திருத்தி, வேகமானி காட்டும் வேகமாக மாற்ற வேண்டும். உருண்டுகொண்டே இழுத்தால் ஒரு இறக்கைக்கு அதிகச் சுமை போகும். வேகமானியே தவறாகக் காட்டியிருக்கலாம். கூடவே, ஃப்ளட்டர் (அடுத்த படியில் வரும், தானே பெருகும் ஆட்டம்) இந்தக் கணக்குக்குள் வராது.

படி 7: ஃப்ளட்டர், மறுசோதனை

எய்லரானும் இறக்கையும் காற்றிலிருந்து சக்தியை எடுத்து ஒன்றையொன்று ஆட்டத் தொடங்கினால், சில விநாடிகளில் இறக்கை பிய்ந்துவிடும். அடையாளங்கள்: மேலும் கீழும் இரண்டு திசையிலும் வளைந்த தகடு, எய்லரானின் தடுப்புகளில் அடித்து அடித்து விழுந்த பள்ளம், நீண்டுபோன கீல் துளை. கேபிள் இறுக்கம், எய்லரானின் எடைச் சமநிலை இரண்டையும் உடனே பாருங்கள்.

இதற்குப் படிக்க வேண்டிய வழக்கு சோடியாக் சிஎச் 601 எக்ஸ்எல் என்ற சிறு விமானம். 2006க்குப் பிறகு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலுமாக ஆறு விமானங்கள் நடுவானில் உடைந்து 10 பேர் இறந்தபின், 2009 ஏப்ரலில் அமெரிக்க விசாரணை வாரியம் அந்த வகை விமானங்களைப் பறக்கவிடாமல் நிறுத்தச் சொன்னது. அது சந்தேகித்தது எய்லரான் ஃப்ளட்டரை. அப்புறம் விமானப் போக்குவரத்து நிர்வாகம் செய்த மறுஆய்வு ஒரே காரணத்தில் போய் நிற்கவில்லை. இறக்கையின் வலிமை, தகடு புடைத்துக்கொள்வது, ஃப்ளட்டர், வேகமானியின் பிழை எல்லாம் சேர்ந்திருக்கலாம் என்றது. எனக்கு அந்த அடக்கம் பிடிக்கும். ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டிருந்தால் பாதிதான் சரியாகியிருக்கும்.

இதே மாதிரி இன்னொரு இறக்கை கிடைத்தால் தலைகீழாகப் பொருத்தி, மணல் மூட்டை அடுக்கி முறியும்வரை சோதியுங்கள். 1998இல் வேன்ஸின் ஆர்வி-8 செயல்விளக்க விமானம் இறக்கை போய் விழுந்தபோது நிறுவனம் அப்படித்தான் இன்னொரு இறக்கையைச் சோதித்தது. அது வடிவமைப்பு எதிர்பார்த்த சுமையைத் தாங்கியது. சந்தேகம் வடிவமைப்பை விட்டு, பறந்த விதத்துக்குப் போனது.

படி 8: அறிக்கையும் அதற்குப் பிறகும்

கண்டது, கணக்கிட்டது, ஊகித்தது மூன்றையும் கலக்காமல் எழுதுங்கள். மற்ற விமானங்களுக்கு ஆபத்து என்று தெரிந்தவுடன் இறுதி அறிக்கைக்குக் காத்திருக்காமல் இடைக்கால எச்சரிக்கை போக வேண்டும். பரிந்துரை “கவனமாகச் சோதிக்கவும்” என்று இருந்தால் பயனில்லை. எந்தத் துளை, எத்தனை மணி நேரப் பறப்புக்குப் பிறகு, எந்த முறையில், என்ன கண்டால் நிறுத்த வேண்டும் என்று இருக்க வேண்டும்.

வீட்டில் கட்டிய விமானத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. சான்றளிக்கப்பட்ட விமானத்துக்கு வரும் கட்டாய உத்தரவு அமெரிக்காவில் பொதுவாக இவற்றின் இறக்கை, உடல் போன்ற கட்டமைப்பைக் கட்டுப்படுத்தாது. கிட் நிறுவனத்தின் அறிவிப்பைச் செய்வதும் விடுவதும் சொந்தக்காரர் விருப்பம். சோடியாக்கில், மாற்றம் செய்யாத புதிய விமானங்களுக்கு 2009 நவம்பரில் சான்றிதழ் தர மறுத்தார்கள். ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தவற்றுக்கு வேண்டுகோள்தான் போனது. ஆகவே கிட்டின் விற்பனைப் பட்டியலை வாங்குங்கள். இரண்டாம், மூன்றாம் கைக்கு மாறிய விமானங்களைப் பதிவேட்டில் தேடுங்கள். கட்டி முடிக்காமல் கொட்டகையில் கிடக்கும் கிட்டுகளின் சொந்தக்காரர்களுக்கும் எழுதுங்கள், அவர்களால்தான் ஸ்பாரை மூடுவதற்கு முன் சரிசெய்ய முடியும்.